உள்ளே விட்ட துணி

பதினோரு வருஷ வாடகையை
ஒரு ராத்திரி, ரவிக்கை அளவு எழுதும் நோட்டின்
கடைசிப் பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்.
ஆறு லட்சத்துப் பன்னிரண்டாயிரம்.
தப்பென்று நினைத்துத் திரும்பக் கூட்டினேன்.
தப்பில்லை.
காரைக்குடி, கழனிவாசல் ரோட்டில்
எட்டுக்குப் பத்து கடை.
இரண்டு மிஷின், ஒரு கண்ணாடி, ஒரு ட்யூப்லைட்.
ஓனர் சோலையப்பன் ஐந்தாம் தேதி வருவார்.
படியேற மாட்டார். குடையை ஊன்றிக்கொண்டு
"என்னம்மா" என்பார்.
அந்த ஒரு சொல்லுக்கு
அவ்வளவு கொடுத்திருக்கிறேன்.

நாத்தனார் வீட்டுக்காரர் கோட்டைச்சாமி
திருச்சி ரோட்டில் மனை வாங்கினார்.
நாலு மூலைக்கும் மஞ்சள் கல், நடுவில் கொடி,
பார்க்கப் போனவர்களுக்கு வேனும் பிரியாணியும்.
பக்கத்திலேயே காலேஜ் வரும் என்றார்கள்.
ஆறு வருஷமாய் வந்துகொண்டிருக்கிறது.
அதற்குள் கருவேலம் வந்துவிட்டது,
வெட்டுக்கூலி வருஷத்துக்கு ஆயிரத்தைந்நூறு.
விலை ஏறும்தான். ஏறாமலும் கிடக்கும்.
ஏறுகிற வரைக்கும் எனக்கு யார் சோறு போடுவது?

நான் புதுவயலுக்குப் போனேன்.
அரிசி ஆலைகளுக்குப் பின்னால்
இரண்டு போர்ஷன், ஒரே மச்சு.
ஆலை ஓடும்வரை குடியிருக்க ஆள் உண்டு.
தவிட்டுத் தூசியை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை,
அதனால் என் கைக்கு எட்டுகிற விலை.
புரோக்கரிடம் தாய்ப் பத்திரம் கேட்டேன்.
"உங்களுக்கு எதுக்கும்மா அதெல்லாம்?"
அந்தப் பதிலுக்காகவே
முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்.
நடுவில் ஓர் அடமானம்,
தீர்த்ததற்கு ரசீது இல்லை.
மூன்று தடவை பஸ் ஏறி இறங்கினேன்.
ரசீதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ்.
வெட்டிவிட்டு அளக்கிற பழக்கம்
எனக்கு எப்போதும் இல்லை.

கடன் பன்னிரண்டு லட்சம், பதினைந்து வருஷம்.
மாதம் பன்னிரண்டாயிரத்து நூற்றெழுபத்தொன்று.
இரண்டு போர்ஷன் வாடகை ஒன்பதாயிரம்.
முதல் தவணைச் சீட்டை
எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தேன்:
வட்டி ஒன்பதாயிரம்.
வந்த வாடகை வந்த வழியே போய்விட்டது.
மிச்சம் மூவாயிரத்து நூற்றெழுபத்தொன்று,
நான் தைத்த காசு,
அதற்கு மட்டும்தான் வீடு வாங்கியிருக்கிறேன்.
ஒரு ஜன்னலின் கீழ்ப்பாதி இருக்கலாம்.
அடுத்த மாதம்
இருபத்துநாலு ரூபாய் கூடுதலாக வாங்கினேன்.
சிரிப்பு வந்தது. ஆனாலும் எழுதி வைத்தேன்.

ரவிக்கைக்குப் பக்கவாட்டில்
ஒரு விரல் துணி உள்ளே விடுவோம்.
உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளலாம்.
அப்படி ஆறு மாதத் தவணையை
தபால் ஆபீசில் மடித்து வைத்திருந்தேன்.
ஆனியும் ஆடியும் ஒரு போர்ஷன் பூட்டிக் கிடந்தது.
அதே ஆடியில் மோட்டார் எரிந்தது.
பிரித்தேன். கிழியவில்லை.

பதினேழாவது மாதம், ஐந்தாம் தேதி.
மூட்டை ஏற்றும் இருளாண்டி வாடகை தரவில்லை.
பஸ்ஸை விட்டிறங்கி, வெயிலில் நடந்து,
வாசலில் குடையை ஊன்றிக்கொண்டு
நான் சொன்னேன்:
"என்ன தம்பி."
என் வாய்தான். குரல் வேறு யாருடையதோ.

அவன் பெண்சாதி செம்பாயி உள்ளே கூப்பிட்டாள்.
அடுப்படி மூலையில் வாளி,
வாளியில் நேற்றைய மழை.
"சொன்னா கோவிச்சுக்குவீங்கன்னு சொல்லலக்கா."
என் கடையில் எந்த மூலையில்
பட்டுத்துணி வைக்கக் கூடாது என்று
இந்தப் பதினோரு வருஷத்தில்
சோலையப்பனிடம் நான் சொன்னதே இல்லை.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.
கூலி ஆயிரத்து நானூறு, சிமெண்ட் தனி,
ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்றார்.
நோட்டில் எழுதினேன்:
இருளாண்டி பாக்கி நாலாயிரத்தைந்நூறு.
அதற்குக் கீழே: என் பாக்கி, ஒரு கூரை.
தவணை இன்னும் நூற்று அறுபத்து மூன்று.

கோட்டையூர் தாண்டியதும் தூறல்.
குடையைத் தேடினேன். அங்கேயே விட்டிருக்கிறேன்.
இந்நேரம் செம்பாயி
வாளியை ஒரு சாண் நகர்த்தி வைத்திருப்பாள்.